மீனைக் கேட்காத படிவம்

அந்தப் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் குடும்ப நல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போவது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை நிறுத்துப் பதிவது, இதுதான் என் வேலை. பதினான்கு வருடமாக இதே ஊரில்தான். சந்தையிலும் சாவு விழுந்த மையத்து வீட்டிலும் கலியாண வீட்டிலும் என்னை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் பொறுப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று கடற்கரையோடு ஒட்டியது. கரைவலை இழுப்பவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் அங்கே இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சின்னச் சின்ன வீடுகள். மற்றது மெயின் வீதிக்கு மேற்கே. கடை வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், வயல் உள்ளவர்கள், கட்டாரிலும் சவூதியிலும் ஆள் இருக்கிற குடும்பங்கள். நானும் மேற்கில்தான் குடியிருக்கிறேன்.

வெளியிலிருந்து ஓர் உதவி நிறுவனம் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் பகல் சாப்பாடு கொடுக்க முன்வந்தது. ஒரு பிரிவுக்குத்தான் பணம் போதும் என்றார்கள். எந்தப் பிரிவு என்று தீர்மானிக்க, பிரதேச அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்த உத்தியோகத்தர் கணக்குப் போட்டார். அவர் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். நாங்கள் அவரை 'சேர்' என்போம். ஒவ்வொரு பிரிவிலும் எல்லா வீட்டு வருமானத்தையும் கூட்டி, தலைகளின் எண்ணிக்கையால் பிரித்தார். தலா வருமானம். கடற்கரை அடியில் நின்றது, மேற்கு எட்டாத உயரத்தில் நின்றது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடற்கரைக்கே கொடுப்பது என்று முடிவாகி, அந்தப் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

"மிஸ், ரெண்டு பிரிவிலயும் நிறை குறைஞ்ச பிள்ளையள் எத்தின பேரெண்டு ஒரு தாளில எழுதித் தாங்க" என்றார் சேர். "கோப்பில வைக்கத்தான்."

அன்று பகல் சாப்பிட்டு லுஹர் தொழுதுவிட்டு, பதிவேடுகளைக் குசினி மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரைபடம் உண்டு. மாதாமாதம் நிறையைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்போம். கோடு பச்சைப் பட்டைக்குள் போனால் பிள்ளை நல்லாயிருக்கிறது. செம்மஞ்சளுக்கு இறங்கினால் கவனிக்க வேண்டும். அத்தனை புள்ளிகளையும் வைத்தது என் கைதான். ஆனால் இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

செம்மஞ்சளில் இருந்தவர்களை எண்ணினேன். மேற்கில் கூடுதலாக வந்தது. அடுக்கை மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று முகவரிகளைப் பார்த்தேன். அடுக்கு சரி. மறுபடி எண்ணினேன். அப்போதும் மேற்குத்தான். கடற்கரைப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பச்சையில், சிலர் பச்சையின் மேல் விளிம்பில்கூட. தேநீர் கேட்டுக் குசினிக்கு வந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆருக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். "புள்ளயள எண்ணுறன்."

மறுநாள் காலையில் ஐந்து கிலோ அரிசிப் பொதி ஒன்றை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன். கடற்கரைப் பாலர் பாடசாலையில் தொங்கும் தராசில் மாட்டினேன். முள் ஐந்தில் நின்றது. அங்கிருந்து மேற்குக்குப் போய் அந்தத் தராசிலும் மாட்டினேன். அதுவும் ஐந்து. பாலர் பாடசாலை ஆசிரியை வாசலில் நின்று, இன்று அரிசிக்கும் தடுப்பூசியா என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. நேரே அலுவலகத்துக்கு விட்டேன்.

சேர் தாளைப் பார்த்தார். "தராசு பிழையா இருக்கும் மிஸ்."

"அரிசி பேக்க மாட்டிப் பாத்திட்டுத்தான் வாறன்."

"அப்ப என்ட கணக்குப் பிழையா?"

"உங்கட கணக்கும் சரியா இரிக்கும். என்ட நிறையும் சரி. ரெண்டும் சரியெண்டபடியாத்தான் எனக்கு விளங்கல்ல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, ஆவல். "நாளைக்கு விடிய கடற்கரைக்குப் போவமா?" என்றார்.

போனோம். கடல் அமைதியாக இருந்த காலம் அது. வலையின் இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்துகொண்டிருந்தன. இரண்டு வரிசை ஆண்கள் ஒரே குரலில் இழுத்தார்கள். மீன் சேர்ந்த பை கரையேறியதும் மணல் முழுக்க வெள்ளியாகத் துள்ளியது. பெரிய மீனை வலை முதலாளியின் ஆட்கள் பெட்டியில் போட்டார்கள். சின்ன மீனைப் பிரித்தெடுக்கப் பெண்கள் குனிந்தார்கள். பிரித்து முடிந்ததும் கயிறு பிடித்தவர், மீன் பொறுக்கியவர், சும்மா பையோடு வந்து நின்ற விதவை என்று ஒவ்வொருவருக்கும் கைகொள்ளுமட்டும் மீன் போனது. கறிக்கு என்று கொடுப்பது. அங்கே வந்து நின்ற ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் பேசின் நிறையக் கீரி மீனோடு வந்தாள். மூன்று பிள்ளைகள். புருசன் கயிறு இழுக்கிறவர். அவர்களுடைய வருமானப் படிவம் சேரின் கையில் இருந்தது.

"உங்கட வீட்டு வருமானம் எவ்வளவெண்டு சொன்னீங்க?" என்று கேட்டார் சேர்.

"இவருக்கு வலையில வாற பங்கத்தான் சொன்ன. அதுவும் மீன் பட்டாத்தானே."

"இந்த மீன்?"

"இது கறிக்கு, சேர்."

"இதையும் சொன்னீங்களா?"

அவள் பேசினை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க வருமானம்தானே கேட்ட. மீனக் கேக்கல்லியே."

சேர் பேனாவை எடுத்தார். "இத வித்தா எவ்வளவு வரும்?"

"விக்கிற மீனா இது? புள்ளயளுக்கு ஆக்கிக் குடுக்கிற." கணக்குக் கேட்பவரிடம் நின்று கதைத்தால் மீன் கெட்டுவிடும் என்பதுபோல் அவள் நடையைக் கட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் மணலில் நின்று சிரித்தோம். சேர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில், சம்பளம், வாடகை, வெளிநாட்டுப் பணம், அரசாங்கக் கொடுப்பனவு என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. மீனுக்குக் கட்டமில்லை. "இஞ்ச கிழமையில அஞ்சாறு நாள் மீன் திங்கிற பிள்ளைய நான் சல்லி இல்லாத பிள்ளையெண்டு எழுதியிருக்கன்" என்றார். "அதுவும் பொய்யில்ல. சல்லி இல்லத்தான்."

அன்றே மேற்குக்கும் போக வேண்டும் என்று நான் அவரை விடவில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு வேலை நாள் எனக்கு இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

மேற்கில் நாங்கள் போன வீட்டுக்குத் தரையெல்லாம் டைல்ஸ். வாப்பா கட்டாரில். இரண்டு பெண் பிள்ளைகள். மேலே மாடி எழும்பிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கம்பியும் மணலும் குவிந்து கிடந்தன. சேரின் கணக்கில் இந்த வீட்டில் தலைக்கு விழும் பணம், கடற்கரையில் ஒரு முழுக் குடும்பத்துக்கு வருவதை விடக் கூடுதல். சின்னப் பிள்ளையின் கோடோ நான்கு மாதமாகச் செம்மஞ்சளில்.

தாய் எங்களை உள்ளே இருத்தினாள். முதலில் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்றாள். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டபோது சேரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ் நம்மட ஆள். உங்களுக்கிட்ட மறைக்க என்ன இரிக்கி. காலையில தேத்தண்ணியும் பிஸ்கட்டும். பகலைக்குச் சோறும் பருப்பும். மீன் கிழமைக்கு ஒரு நாள். சந்தையில விக்கிற விலைக்கு வேற என்ன செய்யிற?"

"மாசாமாசம் சல்லி வருதுதானே?"

"வருது. வந்த கையோட சீமெந்துக்கும் கம்பிக்கும் மேசனுக்கும் போகுது. ரெண்டு பொம்புளப் புள்ளயள், மிஸ். ஆளுக்கொரு வீடு கட்டாம எப்பிடிக் கலியாணம் பேசிற? அவர் அங்க வெயிலுக்குள்ள நிண்டு உழைக்கிறதே இதுக்குத்தான்."

சேர் தலையாட்டினார். "எங்கட ஊரிலயும் இதே கதைதான். தங்கச்சிட வீட்டுக்கு என்ட ரெண்டு வருசச் சம்பளம் போன."

அங்கே இருந்தபோது என் வீட்டுக் குசினிதான் என் கண்ணுக்குள் வந்தது. எங்கள் இருவருக்கும் அரசாங்கச் சம்பளம். மூத்த மகளுக்கென்று நாங்களும் மேலே ஒரு தட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் இளைய மகளின் பதிவேட்டை எடுத்தேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. கொங்கிறீட் போட்ட மாதத்திலிருந்து அவளுடைய கோடு சரிந்து செம்மஞ்சளைத் தொட்டு, அங்கேயே நின்றிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'காய்ச்சல்' என்று ஒரு சொல். காய்ச்சல் வந்தது உண்மை. மூன்று நாள் வந்தது. கோடு நான்கு மாதம் எழும்பவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் தாய்மாரிடம் முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான், என் பிள்ளைக்கு ஒரு சொல்லை எழுதிவிட்டு மூடி வைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கணவருக்குக் காட்டினேன்.

"சாமான் விலை ஏறிக்கிட்டுப் போகுது" என்றார். "இப்ப நிப்பாட்டினா பிறகு கட்டேலாது."

"மகள் வளர்றதும் பிறகு ஏலாது" என்றேன்.

அடுத்த கிழமை மேசனைக் கூப்பிட்டு, வேலையைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்போம் என்று அவரே சொன்னார்.

நானும் சேரும் அறிக்கை எழுதத் தொடங்கினோம். என் கால் தரையில் நிற்கவில்லை. சல்லி குறைந்த ஊரில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சல்லி கூடிய ஊரில் வாடுகிறார்கள், ஆகவே சாப்பாடு மேற்குக்கே வர வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடைசி வரிக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ், மாரியில என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்?"

"கடல் கொந்தளிச்சா வலை போடமாட்டாங்களே. அப்ப கறிக்கு மீன்?"

இருவரும் பழைய பதிவேடுகளை இழுத்துப் போட்டுப் புரட்டினோம். முதலாவது பிள்ளை, கார்த்திகையில் கோடு வளைந்து இறங்குகிறது, மார்கழியில் இன்னும் கீழே, தை முழுக்க அங்கேயே, பங்குனிக்குப் பிறகு ஏறுகிறது. இரண்டாவது பிள்ளையும் அப்படி. மூன்றாவதும். போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அப்படியே. தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்ட கயிறுபோல எல்லாக் கோடுகளும் ஒரே மாதங்களில் தொய்ந்திருந்தன. நாங்கள் கடற்கரையில் நின்று சிரித்தது நல்ல மாதத்தில். அந்த ஒரு காலையை வைத்துக் கடற்கரைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பிடுங்க நான் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தேன்.

அவமானமாக இருந்தது. அதோடு, சொல்லத் தயக்கம்தான், சந்தோசமாகவும் இருந்தது. இப்போதுதான் இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தின. வருமானத்தை வருடத்துக்குக் கூட்டித் தலைக்குப் பிரித்தால் மாரியும் தெரியாது, மாடியும் தெரியாது. சேர் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். மாரி மாதங்களில் கடற்கரைக்கு, மிச்ச மாதங்களில் மேற்குக்கு. அதே பணம், அதே வருடம்.

கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து நிறுவனத்தின் சார்பில் ஒரு பெண் வந்திருந்தார். நான் வரைபடத் தாள்களை நீளமாக ஒட்டி, பெயரில்லாமல் கோடுகளை மட்டும் வரைந்து கொண்டு போயிருந்தேன். கடற்கரைக்கு நீலம், மேற்குக்குச் சிவப்பு. சுவரில் பிடிக்க இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். நான் பேசிக்கொண்டே நீலக் கோடுகள் ஒன்றாகத் தொய்யும் இடத்துக்கு வந்தேன். பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கிட்ட வந்து பார்த்தார்கள்.

அந்தப் பெண் கவனமாகக் கேட்டார். "நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது" என்றார். "ஆனால் எங்கள் படிவத்தில் தலா வருமானத்துக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. மேற்குப் பிரிவு வருமான எல்லைக்கு மேலே. அதற்குக் கொடுத்தால் என்னிடம்தான் கேள்வி கேட்பார்கள்."

"அப்ப கடற்கரைச் சாப்பாட்டையாவது கார்த்திகையில தொடங்குங்க" என்றார் சேர். "மீன் உள்ள மாசத்தில குடுக்கிறத மாரிக்குச் சேத்து, அப்ப முட்டையும் போடுங்க."

அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். மேற்குக்கு ஒன்றுமில்லை. பாதி வெற்றிதான். வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்தபோது, நாங்கள் முழு வெற்றி பெற்றவர்கள் மாதிரிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மேற்கில் நடந்ததை நான் திட்டமிடவில்லை. அடுத்த நிறுக்கும் நாளில் கட்டார்க்காரரின் மனைவி, கடற்கரையில் மீன் மலிவாமே என்று கேட்டாள். போய் வாங்கலாமே என்றேன். விடியக் காலையில் ஆம்பிளைகள் வலை இழுக்கும் இடத்தில் போய் எப்படி நிற்பது என்றாள். அந்தக் கிழமை கடற்கரையில் அந்தப் பேசின்காரியிடம் இதைச் சும்மா சொன்னேன்.

"அவங்க ஏன் வாற?" என்றாள் அவள். "நான் கொண்டு போறன்."

மூன்றாம் நாள் அவள் ஒரு வாளியோடு மேற்கில் நின்றாள். தன்னுடையதும் பக்கத்து வீட்டு இருவருடையதுமாகச் சேர்த்த மீன். சந்தை விலைக்குக் குறைவு. ஆறு வீட்டுக் கேற்றைத் தட்டினாள். ஏழாவது கேற் என்னுடையது. எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பிள்ளைகளின் சட்டிக்குப் போக வேண்டிய மீனல்லவா இது? கேட்டும் விட்டேன்.

"பாதி சட்டிக்கு, பாதி கேற்றுக்கு" என்றாள். "மிஸ், எனக்கும் புள்ளயள் இரிக்கி. நீங்க நிறுத்துத்தானே பாக்கிற, பாருங்க."

பார்த்தேன். அவளுடைய கடைக்குட்டியை அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு மாதமும் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்துத்தான் எழுதினேன். கோடு இறங்கவில்லை. மேற்கில் எல்லாக் கோடும் ஏறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில வீடுகளில் கேற்றே திறக்கவில்லை. கட்டார்க்காரரின் சின்ன மகள் நான்கு மாதத்தில் பச்சைக்கு வந்தாள். என் மகளுக்கு ஆறு மாதம் எடுத்தது. மாரியில் கடற்கரைப் பாலர் பாடசாலையில் சோறும் முட்டையும் பருப்பும் வேகும் வாசம் வீதி வரை வந்தது. தை மாதம் நிறுத்தபோது அங்கே ஒரு கோடும் வழக்கம்போலத் தொய்யவில்லை. அன்று தராசடியில் நின்றபடியே சேருக்குப் போன் எடுத்தேன்.

அடுத்த வருடம் படிவங்கள் மறுபடி நிரப்பப்பட்டன. ஒரு நாள் சேர் என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மிஸ், ஒரு விசர் வேலை நடந்திருக்கு. உங்கட கடற்கரை பணக்கார ஊராப் போச்சு."

வாளியோடு மேற்குக்கு வரும் பெண்கள் இப்போது பத்துப் பேருக்கு மேல். எல்லோரும் மீன் விற்கும் பணத்தை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனபோது கணக்கில் வராத மீன், கேற்றுக்கு வந்ததும் வருமானமாகிவிட்டது. தலா வருமானம் ஏறி, பிரிவு எல்லையைத் தாண்டும் இடத்துக்கு வந்திருந்தது. தாண்டினால் மாரிச் சாப்பாடு நின்றுவிடும்.

நான் கிளினிக்கை முடித்துக்கொண்டு, பதிவேடுகளைப் பையில் அடுக்கினேன். கொழும்புப் பெண்ணிடம் அலுவலகத்திலிருந்து போனில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். ஒவ்வொரு கோட்டையும் படமெடுத்து அனுப்பினோம். அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. சாப்பாடு இன்னொரு மாரிக்குத் தொடரலாம். படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கவும் ஒத்துக்கொண்டார்கள்: கடந்த கிழமை பிள்ளைகள் எத்தனை நாள் மீனோ முட்டையோ சாப்பிட்டார்கள்?

அந்த ஒரு வரி வந்ததற்கு நாங்கள் அலுவலகத்தில் இனிப்புக்கு வட்டிலாப்பம் கொண்டு போய்ப் பங்கிட்டோம். புதுப் படிவத்தின் முதல் தாளை எங்கே நிரப்புவது என்று கேட்கவே தேவையில்லை. இருவரும் கடற்கரைக்குப் போனோம். பேசின்காரி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சேர் புதுக் கேள்வியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

அவள் கத்தியை மீனிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள். "போன கிழமையா? கடல் நல்லா இரிக்கக்கொள்ள ஏழு நாளும் தின்னுற. மாரியில கேட்டா ஒரு நாளும் இல்லெண்டுதான் சொல்லுவன். நீங்க எப்ப கேக்கிற?"

சேர் படிவத்தை என் ஸ்கூட்டி இருக்கையில் விரித்து, அந்தக் கட்டத்தின் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டு இரண்டாக்கினார். ஒன்றில் கடல் என்றும் மற்றதில் மாரி என்றும் எழுதிவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.